தோட்டத்துச் சாளைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு: உண்ணிக்கடியும் உண்ணிக் காய்ச்சலும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் நாலு ஏக்கர் வாங்கி, பழைய சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, சரிசெய்து குடிவருகிறவர்கள் இப்போது அதிகம். வந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்கிற முதல் கேள்வி பாம்பைப் பற்றித்தான் இருக்கும். கேட்க வேண்டியதுதான். ஆனால் பாம்பு கடித்தால் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், உடனே வண்டியை எடுப்பார்கள். உண்ணியும் அதன் சொந்தக்காரப் பூச்சிகளும் கொடுக்கிற காய்ச்சலுக்கு அப்படி ஓடுவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை, நாலு நாள் கழித்து ஒரு ஊசி, அப்புறம் வேறொரு டாக்டர் என்று ஒரு வாரம் கரைந்துவிடுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு வார மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டிய காய்ச்சல் ஐ.சி.யு. வரை போவது பெரும்பாலும் இந்தத் தாமதத்தால்தான். அதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எது கடிக்கிறது?

முதலாவது, எல்லோரும் பார்த்திருக்கிற உண்ணி. நாயின் காது மடிப்பிலும் மாட்டின் மடியிலும் வால் அடியிலும் ரத்தம் குடித்து உப்பித் தொங்குவது. மாட்டில் தங்கும் உண்ணிகளில் ஒரு வகை மனிதனை அதிகம் நாடாது, ஆனால் மற்ற வகைகள் ஏறும். நாய் உண்ணியும் சமயத்தில் மனிதனைக் கடிக்கும். அதன் வழியாக வருவது இந்திய டிக் டைபஸ் என்கிற புள்ளிக் காய்ச்சல். உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பில் செம்புள்ளிகள் வரலாம்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியவே தெரியாதது. மைட் என்கிற நுண்பூச்சியின் குஞ்சு. எலி நடமாடும் புதரிலும் புல்லிலும் இருக்கும். கடிப்பது வலிக்காது, கடித்த நினைவே இருக்காது. இது கொடுக்கும் ஸ்க்ரப் டைபஸைத்தான் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காடு பச்சை கட்டியதிலிருந்து குளிர் விலகும் வரை இதன் காலம்.

மூன்றாவது காட்டு உண்ணி. தாளவாடி, திம்பம், பர்கூர் மலை, வால்பாறை, டாப்சிலிப் என்று காட்டு ஓரத்தில் இருப்பவர்களும் அங்கே போய்வருகிறவர்களும் கவனிக்க வேண்டியது. 1957இல் கர்நாடகத்துச் சிவமொக்கா பக்கம் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் இந்த உண்ணியால்தான் பரவுகிறது. 2012க்குப் பிறகு சாமராஜநகர், வயநாடு, நீலகிரி வரை அந்தக் கிருமி வந்திருப்பது தெரிந்தது. தாளவாடிக்காரர்களுக்குச் சாமராஜநகர் பக்கத்து ஊர். மார்கழி தொடங்கிச் சித்திரை, வைகாசி வரை கூடுதல் கவனம் வேண்டும். காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாதீர்கள், தொடாதீர்கள். வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் உண்ணி பரப்புகிற லைம் நோயைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக வரும். உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை மாத்திரை போட்டால் போதும் என்பது அங்கே, அந்த நோய்க்குச் சொன்னது. இங்கே அதைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

எங்கே ஒளிந்திருக்கும்?

கொறங்காட்டைப் பார்த்திருப்பீர்கள். முள்கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். ஆடு மாடு அடைபட்டு மேய்கிற அந்த இடம் உண்ணிக்கும் வசதியானதுதான். புல் நுனியில் ஏறி, முன்னங்காலை நீட்டியபடி, போகிற உடம்பில் தொற்றிக்கொள்ளக் காத்திருக்கும். உண்ணிக்குக் குதிக்கவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. கால், முழங்கால் மட்டத்தில் ஏறி மேலே ஊர்ந்து வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் தடுப்பது என்பது தானாக விளங்கிவிடும்.

வேலியோரம், ஓடைக்கரை, மூடிக் கிடக்கும் கிணற்றுமேடு, சோளத்தட்டுப் போரின் அடி, விறகுக் குவியல். இவை எலியின் இடம், ஆகவே மைட்டின் இடம். மாடு கட்டுகிற கட்டுத்தரையின் கல் இடுக்கு, மண் சுவரின் வெடிப்பு, நாய் படுக்கிற சாக்கு. இவை உண்ணி முட்டையிடுகிற இடம். ஒரு நாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரித்து வருபவை ரத்தம் கிடைக்காமலே பல மாதம் உயிரோடு கிடக்கும். அதனால்தான் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த சாளையில் குடியேறிய முதல் வாரத்திலேயே சிலருக்குக் கடி படுகிறது.

எனவே சாமான் இறக்கும் முன்பே வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செத்தி வெறுந்தரை ஆக்குங்கள். தட்டுப்போரையும் விறகையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். சுவர் வெடிப்பைப் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். எலி வளையைக் கண்டால் விட்டுவைக்காதீர்கள்.

வெளியே போகும்போது

முழுக்கைச் சட்டை, பேண்ட், ஷூ. பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காதுதான், ஆனால் கீழிருந்து ஏறும் உண்ணி துணிக்கு வெளியிலேயே நிற்க இதைவிட எளிய வழி கிடையாது. வெளிர் நிறத் துணியில் உண்ணி ஊர்வது கண்ணில் படும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்குவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையும், உள்ளே ஒரு பழைய லெக்கின்ஸும் சாக்ஸும் நல்ல காப்பு. வாங்கித் தர வேண்டியது தோட்டக்காரரின் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

டீட் (DEET) என்கிற மருந்து கலந்த கொசு விரட்டியைக் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டில் தடவிக்கொள்ளலாம். வியர்த்தால் போய்விடும், மறுபடி தடவ வேண்டும். குழந்தையின் கையில் தடவாதீர்கள், வாயில் வைத்துவிடும்.

வெறும் புல்தரையில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். மத்தியானம் வேப்பமரத்தடியில் சாய்வதானால் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், குறைந்தது தார்ப்பாயாவது விரியுங்கள். துவைத்த துணியை வேலி மேலும் செடி மேலும் உலர்த்துவது இங்கே சாதாரணம். அதைக் கொடிக்கயிற்றுக்கு மாற்றிவிடுங்கள். புதரோரம் ஒதுங்குவதும் ஆபத்துதான். வேலையாட்களுக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை கட்டிவிட்டால் அந்தக் கவலை போய்விடும். மாசியில் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் களைப்பில் கண்ட இடத்தில் படுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சாயங்காலம் பார்க்க வேண்டியது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள். காட்டிலிருந்து வந்ததும் உடுத்திய துணியைக் கழற்றித் தனியாகப் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, உடம்பு முழுக்கப் பார்ப்பது. துணியைச் சுடுதண்ணீரில் போட்டு நல்ல வெயிலில் காய வையுங்கள்.

பார்க்கும்போது கைகாலை மட்டும் பார்த்தால் போதாது. ஊர்ந்து வருகிற பூச்சி துணி இறுக்கும் இடத்தில் தடைபட்டு அங்கேயே கடிக்கும். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், முழங்கால் பின்புறம், மார்பின் அடி, தொப்புள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுக்கும் வரி, ஆண்களுக்கு அரணாக்கயிற்றின் அடி. பின்பக்கத்தை வீட்டில் இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையை மறந்துவிடாதீர்கள்.

ஐந்து நாள் காய்ச்சலோடு வந்திருந்த ஒரு பெரியவரை கிராம சுகாதாரச் செவிலியர் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். செம்மறி மேய்க்கிறவர். எங்கேயும் கடி இல்லை என்று சாதித்தார். அந்தப் பெண், “ஏனுங்கப்பாரு, அரணாக்கயித்தைக் கொஞ்சம் நவுத்திக் காட்டுங்க” என்றார். கயிறு நகர்ந்த இடத்தில் துவரம்பருப்பு அளவில் கறுத்த பொருக்கு, சுற்றிச் சிவந்த விளிம்பு. சிகரெட்டால் சுட்டது மாதிரி இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. “கயிறு ஒரைஞ்சதுன்னு நெனச்சனுங்க” என்றார் அவர். டாக்டர்கள் எஸ்கார் என்று சொல்வது அந்தப் பொருக்கைத்தான். ஸ்க்ரப் டைபஸ் வந்த எல்லோருக்கும் அது இருக்கும் என்றில்லை. ஆனால் இருந்துவிட்டால் வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்பே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டியிருந்தால் எடுப்பது எப்படி?

நுனி கூரான சாமணம் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். உப்பிய வயிற்றைப் பிடித்து அழுத்தக் கூடாது. அப்படியே நேராக, மெதுவாக, ஒரே சீராக மேலே இழுங்கள். முறுக்க வேண்டாம், வெடுக்கென்று பிடுங்கவும் வேண்டாம். வாய் நுனி உள்ளே தங்கிவிட்டால் எளிதாக வந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் ஊசி வைத்துக் குத்தாதீர்கள். தோல் தானே அதைத் தள்ளிவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சீமெண்ணெய் விடுவது, பீடி நெருப்பு வைப்பது, சுண்ணாம்பு தடவுவது என்று ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் உண்ணியைச் சூடு காட்டியோ எரிச்சல் மூட்டியோ துன்புறுத்தினால் அது உள்ளே இருப்பதைக் கக்க வாய்ப்பு கூடும், தோலும் புண்ணாகும். சாமணமே போதும்.

எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள். அதன் ரத்தம் கை வெடிப்பிலோ கண்ணிலோ பட்டால் அது வழியாகவும் கிருமி போகும். செலோடேப்பில் ஒட்டி மடித்தோ, ஸ்பிரிட்டில் போட்டோ குப்பையில் போடுங்கள். கடித்த தேதியையும் இடத்தையும் காலண்டரில் குறித்துவைத்து, அடுத்த மூன்று வாரம் காய்ச்சல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மாடும் நாயும்

கன்றோ ஆடோ சந்தையில் வாங்கிவந்தால் நேரே கட்டுத்தரையில் கட்டாதீர்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையோ கண்ணபுரம் சந்தையோ, பல ஊர்க் கால்நடை நெருக்கியடித்து நின்ற இடம். சில நாள் தனியே கட்டி, உண்ணி நீக்கிய பிறகு மற்றவற்றோடு சேர்த்துக் கட்டுங்கள்.

காங்கேயம் மாடும் பர்கூர் மாடும் உண்ணியை ஓரளவு தாங்கும். ஜெர்சி, எச்.எஃப். கலப்பின மாடுகள் தாங்காது. தைலேரியா, பபேசியா என்று காய்ச்சல் வந்து, ரத்தம் சுண்டிப் படுத்துவிடும். பபேசியாவில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதைப் பார்த்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

உண்ணி மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கலக்குங்கள். கையுறை, முகமூடி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று தெளிப்பது, காயும் வரை மாட்டுக்கு வாய்க்கூடை. பால் மாடானால் எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தை நாய் மேலோ மாட்டு மேலோ ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதில் பிராணி செத்திருக்கிறது, ஊற்றியவரும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். நாய்க்குத் தனி மாத்திரையும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், சில நாய் மருந்துகளில் இருக்கிற பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

மூலிகையில் செய்ய விரும்பினால் தேசியப் பால்வள வாரியம் பரப்புகிற ஒரு முறை உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பங்கொட்டை ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, மாட்டின் மேலும் கட்டுத்தரை இடுக்குகளிலும் தெளிக்க வேண்டும். உண்ணிச்செடியை மாடு தின்றால் ஈரல் கெடும், ஆகவே மேலுக்கு மட்டும்தான்.

எந்த மருந்தானாலும் ஒரு தடவையோடு விட்டால் பயனில்லை. மாட்டில் ஏறிய குஞ்சு முதிர்ந்து கீழே விழச் சுமார் 3 வாரம் ஆகும். தரையில் கிடக்கும் முட்டை அதற்குப் பிறகும் பொரிக்கும். மாட்டையும் தரையையும் சேர்த்து, விட்டு விட்டுச் செய்ய வேண்டும்.

காய்ச்சல் வந்தால்

கடிபட்டு 6 நாளிலிருந்து 21 நாளுக்குள் ஸ்க்ரப் டைபஸ் தலைகாட்டும். குளிரோடு கடுங்காய்ச்சல், மண்டை பிளக்கிற தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு இருமல், வாந்தி, நெறி கட்டுதல். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு எல்லாம் முதல் நாலு நாள் இப்படியேதான் இருக்கும். குரங்குக் காய்ச்சல் இன்னும் சீக்கிரம், 3 முதல் 8 நாளில் வரும். ஒரு தடவை விட்டு, இரண்டு வாரம் போல ஆனபின் திரும்பவும் வருவதுண்டு. அதற்கென்று தனி மருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில் வைத்துத் தாங்கிப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் போய்விடுங்கள். டாக்டர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லுங்கள்: தோட்டத்தில் இருக்கிறோம், ஆடு மாடு உண்டு, இந்தத் தேதியில் கடித்தது, இந்த இடத்தில் பொருக்கு இருக்கிறது. கூச்சப்பட வேண்டாம். அந்த நாலு வார்த்தையில் வைத்தியத்தின் திசையே மாறும்.

ரத்தத்தில் ஐ.ஜி.எம். எலைசா என்கிற பரிசோதனை பார்ப்பார்கள். முதல் வாரத்தில் அது நெகடிவ் என்று வரலாம், அது தேடுகிற எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் உண்டாக நாள் பிடிக்கும். அதனால் நெகடிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் என்கிற மாத்திரையைத் தொடங்கிவிடுவார். அதுதான் சரி. வழக்கமாகப் பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஒரு வாரம். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நிலைமை முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது பலன் கூடுதல் என்று 2023இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. சரியான மருந்து சேர்ந்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், வேறு நோயாகவும் இருக்கலாம்.

மூச்சு வாங்குதல், பேச்சுக் குழறல், ஆளை அடையாளம் தெரியாமல் உளறுதல், வலிப்பு, கழுத்து மடங்காமை, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், ஈறில் ரத்தம். இவற்றில் ஒன்று கண்டாலும் 108தான். பெருந்துறை, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று நம் பக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

தேறும் காலம்

டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின் பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான மருந்து எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும், சேர்ந்தால் மருந்து உடம்பில் சேராது. இந்த மாத்திரை போடும் நாட்களில் வெயில் தோலைச் சீக்கிரம் சுடும், வெளியே போனால் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் நின்றது என்று மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்தாதீர்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். டெங்கு இல்லை என்று உறுதியாகாத வரை ஆஸ்பிரினும் இபுப்ரொஃபெனும் வேண்டாம்.

சாப்பாடு இறங்காத நாட்களில் கஞ்சி, இளநீர், உப்புப் போட்ட மோர், ரசம். பசி திரும்பியதும் அரிசியும்பருப்புஞ்சோறு குழைய வைத்துக் கொடுங்கள், அப்புறம் முட்டை, நாட்டுக்கோழி ரசம். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகத்திலோ இதயத்திலோ பாதிப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை அவரே சொல்லட்டும்.

காய்ச்சல் விட்டபின்னும் சிலருக்கு வாரக்கணக்கில் அசதி இருக்கும். மம்பட்டி பிடித்தால் கை நடுங்கும், மாடிப்படி ஏறினால் இளைக்கும். சோம்பல் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். கூலிக்கு வருகிறவராக இருந்தால் இந்த நாட்களில் சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்பதும், தண்ணீர் கட்டுவது போன்ற இலகுவான வேலையிலிருந்து தொடங்கவிடுவதும் மருந்துக்குச் சமம். காதில் இரைச்சலோ கேட்பதில் குறைவோ, படபடப்போ, கால் வீக்கமோ தங்கிவிட்டால் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும்.

ஒரு தடவை வந்துவிட்டால் இனி வராது என்று இந்தக் காய்ச்சலில் கிடையாது, மறுபடியும் வரும். ஒரே தோட்டத்தில் வேலை செய்கிற மற்றவர்களுக்கும் அதே புதர், அதே எலி. ஆகவே ஒருவருக்கு உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி, அக்கம்பக்கத்தில் காய்ச்சலாகக் கிடப்பவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.